காற்றுப் படாத அறை

என் பிழைப்பே காற்றுதான். மெல்லிய தகடு ஒன்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் காற்றில் விட்டால், எந்த வேகத்தில் அது படபடக்கத் தொடங்கும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் சென்னையில் நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி. வேகம் குறைவாக இருக்கும்வரை தகடு சாதுவாக, நேராகக் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் திடீரென்று உதற ஆரம்பிக்கும், அப்புறம் நிற்காது. அந்த ஓரிடம் எது என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் காற்றையும் ஒரு பொய்த் தகட்டையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். "இதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்குறாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். செயற்கை இதய வால்வின் இதழும் இப்படித்தான் ஆடும் என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பேன்.

அப்படிப்பட்டவளை ஒரு கோடை முழுக்கத் துளிக் காற்றுப் படாமல் அடைத்து வைத்தாள் என் அம்மா.

எனக்கு சிசேரியன். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விருத்தாசலத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கும் வீடு அது. பின்னறையை எனக்காகத் தயார் செய்து வைத்திருந்தாள். தயார் என்றால் எப்படி? ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகி, அதற்கு மேல் பழைய புடவையை நாலாக மடித்து ஆணி அடித்திருந்தாள். கதவுக்கு அடியில் சாக்கு. ஃபேன் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்திரி. தலையில் வேட்டித் துணிக் கட்டு, காதில் பஞ்சு, காலில் சாக்ஸ். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டரே ஃபேன் போடச் சொன்னாங்கம்மா" என்றேன்.

"அந்தம்மாவுக்கு என்னா, ஏசி ரூமுல உக்காந்துகினு சொல்லும். நாளைக்கி ஒனக்கு ஜன்னி வந்தா அதா வந்து பாக்கும்?"

அம்மா பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கரண்டு பெட்டியில் செருகும் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் சின்ன யூனிட். அச்சிலிருந்து வரும் ஈரமான உருப்படிகளின் ஓரத்தைச் சுரண்டி, பலகையில் அடுக்கி, காயும்வரை பாலிதீன் போட்டு மூடி வைப்பது அவள் வேலை. கதவு திறந்து கிடந்து ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் விரிசல் விடும், மொத்தப் பலகையும் வீணாகும். இந்த வேலையை இத்தனை வருஷம் செய்த கையை நிறுத்தச் சொன்னால் நிற்குமா? நானும் அவளுக்கு ஒரு பலகைதான். மூடு, ஓரத்தைத் தட்டு, மறுபடி மூடு. எனக்காக மேஸ்திரியிடம் மாசம் முடிய லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வெந்நீரை ஊற்றித் தேய்த்துக் குளிக்க வைப்பாள். லேகியத்தை உருட்டி வாயில் திணிப்பாள். பூண்டுக் குழம்பு, கருவாடு, மறுபடி பூண்டுக் குழம்பு. வேர்த்துக் கொட்டும். முதுகில் வேர்க்குரு பொரிந்து தீயாக எரியும். கதவைக் கொஞ்சம் திறம்மா என்றால், "வேக்குதுன்னா நல்லதுதான், கெட்ட நீரெல்லாம் போவட்டும்" என்பாள். அழுகை அழுகையாக வரும். அழுதால், பச்சை உடம்புக்காரி அழக் கூடாது என்று அதற்கும் ஒரு திட்டு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் கழுத்துக்குக் கத்தி வேறு ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த கால நீட்டிப்பு முடியப் போகிறது. அந்த மாசக் கடைசியில் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன்னால் ஆன்லைனில் முடிவுகளைக் காட்ட வேண்டும். அதில் ஒரு முடிவு உதைத்துக்கொண்டிருந்தது. லேப்பில் விண்ட் டனல் என்கிற காற்றுச் சுரங்கத்தில் நிஜத் தகட்டை வைத்து அளந்த வேகம் ஒன்று, என் கணக்கு சொல்லும் வேகம் வேறு. என் தகடு சீக்கிரமே உதற ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் பேராசிரியர் போனில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "ஒண்ணு இது பொருந்தணும். இல்லன்னா ஏன் பொருந்தலன்னு உங்களுக்குத் தெரியணும்மா. ரெண்டும் இல்லாம வந்தீங்கன்னா பதிவு ரத்தாயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." ஐந்து வருஷ உழைப்பு அது.

என் கணவர் சென்னை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். சாயங்காலம் ஆனால் வீடியோவில் வருவார். "சாப்டியா? பாப்பா தூங்கறாளா?" சட்டை போடாமல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் முகத்தில் கண் நிற்காது. அவர் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன, பேசவே மாட்டேங்கற?" என்பார். வயிற்றெரிச்சல், வேறென்ன.

லேப்டாப்பை அறைக்குள் கொண்டுவரவே ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஒரு வழியாக ஸ்டூல் போட்டு வைத்து, கணக்கை ஓட விட்டேன். சற்று நேரத்தில் அது உஸ்ஸென்று இரைந்தது. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். அதன் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னாடி இது, இதுல காத்து அடிக்குது?"

"அது சூடான காத்தும்மா. உள்ள இருக்கிற சூட்ட வெளிய தள்ளுது, அவ்ளோதான்."

"சூடோ குளுரோ, காத்து காத்துதான்."

"கொழம்பு கொதிக்கறப்ப மூஞ்சில அடிக்குதே, அது மட்டும் என்னவாம்?"

"அது ஆவி. வாய மூடிக்கினு சாப்புடு."

கடைசியில் ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. கழுத்தைத் திருகிக்கொண்டுதான் திரையைப் பார்க்க வேண்டும். பரவாயில்லை என்று சந்தோஷப்பட்டேன். எந்த நிலைக்கு வந்துவிட்டேன் பாருங்கள்.

அந்தக் கணக்கு சீக்கிரம் முடிகிற கணக்கு இல்லை. நாள்கணக்கில் ஓட வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, துணி மாற்றிக்கொண்டே, எட்டி எட்டிப் பார்ப்பேன். திரையில் தகடு மெல்ல மெல்ல அசையும். முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, லேகியம் கொடுத்துப் படுக்க வைத்தாள் அம்மா. அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஏதோ சத்தம் குறைந்திருந்தது. காதில் பஞ்சு இருந்தும் எனக்கு அது தெரிந்தது. லேப்டாப் இரையவில்லை. திரை கறுத்துக் கிடந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், காற்று வெளியே வரும் இடுக்கில் பழைய வேட்டித் துணியைப் பட்டையாக மடித்து இறுக்கமாகத் திணித்திருந்தது. அதன் மேல் ஒரு பாலிதீன் பையையும் போர்த்தி, நாலு மூலையும் சமமாகத் தட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

"அம்மா!"

அவள் நிதானமாக வந்தாள். "நீ தூக்கத்துல அந்தப் பக்கமா பொரண்டுட்ட. சொவத்துல பட்டு திரும்பி ஒன் மூஞ்சிலயே அடிச்சிது. அதான் அடச்சி வுட்டேன். மிஷினுக்குத் துணி வெச்சா என்னா ஆயிடும்?"

"செத்துப் போச்சும்மா! இத்தன நாளா ஓடினது அத்தனையும் போச்சு! ஒனக்கு அறிவே கெடையாதா? இது வூடா ஜெயிலா? என்னக் கொன்னுட்டுதான் வுடுவியா நீ?"

கத்திய கத்தலில் தையல் சுரீர் என்று இழுத்தது. குழந்தை அலறியது. அதன் அழுகைக்கு எனக்குப் பால் சுரந்து நைட்டி நனைந்தது. உடம்புகூட என் பேச்சைக் கேட்பதில்லை என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

அம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஜெயிலா? நீ பொறந்து தீட்டு கழிச்ச மறுநாளே கம்பெனிக்குப் போனவடி நான். சூள சூட்டுக்குன்னு ஆளு ஒசரத்துக்கு ஃபேனு வெச்சிருப்பான். அதுக்கு எதுருல நின்னு அடுக்கினேன். மாரு கட்டிக்கினு கல்லாட்டம் இருக்கும். பொறவால போயி சொவத்துல பீச்சி வுட்டுட்டு வருவேன். இன்னிக்கும் மழ வந்தா மண்ட கொடையுது. எனக்கு யாரும் கதவ சாத்தலடி."

அந்த மண்டைக் குடைச்சல் காற்றால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். கோபமும் போகவில்லை. அதன் மேலேயே பாவமும் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

சூடு ஆறியதும் லேப்டாப் உயிர் பிழைத்துக்கொண்டது. கணக்குதான் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நாள் போதாது, சும்மா இருக்கவும் முடியாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொடுத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தகட்டின் தடிமன் சரி. எடை சரி. காற்றின் வேகம் சரி. அடுத்தது சுவர்.

பொய்க் காற்றை எல்லையில்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. தகட்டைச் சுற்றி ஒரு பெட்டி கட்டித்தான் ஆக வேண்டும். லேப்பில் பெரிய மிஷின் இருந்ததால் பெரிய பெட்டி கட்டியிருந்தேன். ஏழாம் மாசத்தில் லேப்புக்குப் போவதை நிறுத்தி சென்னை வீட்டோடு இருந்தபிறகு, இந்தச் சின்ன லேப்டாப் தாங்காது என்று மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் கொஞ்சம் உள்ளே இழுத்தேன். அப்போதும் தாங்கவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இந்தத் தூரம் போதும், தகட்டுக்குத் தெரியவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அது தகட்டுக்குத் தெரிந்திருக்கிறது. சுவர் கிட்டே இருந்தால் தகடு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாலே அந்தப் பக்கத்து வழி குறுகிவிடும். குறுகின வழியில் காற்று வேகமாக ஓடும், ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும், தகடு இன்னும் அந்தப் பக்கமே இழுபடும். வெளியில் வைத்தால் அமைதியாக இருந்திருக்கும் அதே தகடு, அடைத்து வைத்தால் அதே காற்றுக்கு உதறத் தொடங்கிவிடும். அட கடவுளே! இதைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் படித்திருக்க வேண்டாம். அந்தப் பின்னறையில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தாலே போதும்.

என்னோடு ஆராய்ச்சி செய்யும் தோழிக்குப் போன் போட்டேன். பழைய பெரிய பெட்டியைப் போட்டு லேப் மிஷினில் ஓட விடச் சொன்னேன். அவள் தன் வேலையை நிறுத்திவிட்டு எனக்காக ஓட விட்டாள். இரண்டு வேகமும் கிட்டத்தட்டப் பொருந்தி வந்தன. அந்தச் செய்தி வந்தபோது குழந்தைக்குக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பச்சை உடம்புக்காரி அழக் கூடாது என்று அம்மா ஓடி வந்தாள்.

குழுவின் முன்னால் பேச வேண்டிய நாள் வந்தது. லேப்டாப்புக்கு நெட் என் போனிலிருந்துதான்; பின்னறையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வீட்டுப் பேச்சுக்குப் போதும், இதற்குப் போதாது. முன்கூடத்துக்குப் போகிறேன் என்றேன். "அங்க வாசக்காத்து அடிக்கும்." ஜன்னலையாவது திற என்றேன். அம்மா புடவையை விலக்கி, ஜன்னலை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, போனை மட்டும் வெளிப்பக்கம் வைத்துவிட்டு, மறுபடி சாத்தி இடுக்கில் துணியை அடைத்தாள். போன் வெளியில், நான் உள்ளே. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் சிக்னல் விடாமல் வந்தது.

தலைக்கட்டை அவிழ்க்கவும் விடவில்லை. கேமராவில் என்னைப் பார்த்ததும் பேராசிரியர், "என்னம்மா, தலையில அடி ஏதாவது பட்டுடுச்சா?" என்று பதறினார். இல்லை சார், குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். குழுவில் வயதான ஒருவர் மட்டும் தலையாட்டிச் சிரித்தார். அவர்தான் பின்னால் கேள்வியும் கேட்டார். சுவர் கிட்டே வருவது இவ்வளவு பாதிக்குமா என்று. எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ, வேர்வை கண்ணில் இறங்க, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா குழந்தையோடு மூலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இனி வீட்டிலிருந்து செய்வதெல்லாம் கூடாது. அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது நேரில் வந்துவிட வேண்டும், முடியும்வரை முழு நேரமும் கேம்பஸில்தான். வரவில்லை என்றால் பதிவு ரத்து.

நான் மிதந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பறம் என்னம்மா, பாப்பா இங்கியே இருக்கட்டும். வாரா வாரம் நான் வந்துட்டுப் போறேன்" என்றேன். கேட்கக்கூட இல்லை, சொன்னேன்.

"முடியாதுடி" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"மாசம் முடிஞ்சா வந்துடறேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லி வந்திருக்கேன். போவலன்னா வேற ஆள வெச்சிடுவான். ஒனக்கு மட்டும்தான் மூச்சு முட்டுதுன்னு நெனச்சிக்கினியா? நீ இந்த ரூமுல இருந்த அத்தன நாளும் நானுந்தான இருந்தேன்? நானும் என்னிக்கிடா முடியும்னு பாத்துக்கினுதான் இருக்கேன்."

"அப்ப என் படிப்பு?"

"படி. யாரு வேணான்னா? ஒன்ன வெளிய வுடணும்னா நான் உள்ள போயி உக்காரணுமா?"

முதலில் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. என்ன அம்மா இவள் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அவள் கேட்டது நியாயம்தான். பூண்டுத் தோல் ஃபேன் இல்லாத அறையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அம்மாவும் சும்மா இல்லை. முடியாது என்று சொன்னாலும் எனக்காக அவளே ஆள் தேட ஆரம்பித்தாள்.

"ஒன் மாமியாரு?"

"அவங்களுக்கு இடுப்பு ஆபரேஷன். அவங்களயே ஒருத்தர் பாத்துக்கணும்."

"நாத்தனாரு?"

"ரெட்டப் புள்ள வெச்சிக்கிட்டு அல்லாடறா."

திட்டக்குடியில் இருக்கும் சின்னம்மா, பெண்ணாடத்து அத்தை, அத்தையின் மருமகள் என்று தெரிந்த பொம்பளைகளை எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டோம். ஒருத்திக்கு மாடு, ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக மாமனார். ஒருத்தியும் சும்மா இல்லை.

அப்போது போன் அடித்தது. என் கணவர். எடுத்தேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது. மணி பதினொன்று. அவர் வீட்டில்தான் இருந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் வீட்டில்தான் இருக்கிறார். என் கேம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில், அறை அறையாக ஃபேன் சுற்றும் வீட்டில். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை அது தோன்றவே இல்லை.

"பாப்பா என்ன பண்றா?" என்றார்.

"தூங்கறா. அடுத்த செமஸ்டர்லேர்ந்து நான் கேம்பஸ் போகணும். பாப்பாவும் நானும் சென்னைக்கு வந்துடறோம்."

"வாங்க வாங்க. அத்தையும் வர்றாங்கதானே?"

"இல்ல. அம்மாவுக்கு வேலை இருக்கு."

"அப்போ பகல்ல பாப்பாவ யாரு பாத்துப்பா?"

"நீங்க."

"நானா?"

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஏண்டி, ஆம்பளகிட்ட போயி…" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. போனில் பேச்சே இல்லை. இன்னொரு விசில் வந்தது.

"கட் பண்ணிட்டாரா?" என்று அம்மா வாயசைத்துக் கேட்டாள்.

"இல்ல. லைன்லதான் இருக்காரு."

அம்மா பூண்டு முறத்தைத் தள்ளி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"போன வெக்காத" என்றாள். "பதில் சொல்றவரைக்கும் வெக்காதடி."